எதிர்வீட்டுப் பையனுக்கு நான் சொன்ன பதில்

2023 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அல்ஜீப்ரா நோட்டை மூடி வைத்துவிட்டு எதிர்வீட்டுப் பையன் என்னிடம் ஒரு விஷயம் கேட்டான்: ஃபுட்பால் ஆட ஒரு கல்லூரிக்கு வருவதாக வாக்குக் கொடுத்தவன் இன்னொரு கல்லூரியைப் போய்ப் பார்த்தால் தப்பா? நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சிறு வயதிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த பதிலை அப்படியே எடுத்துச் சொன்னேன். அவனும் அதன்படியே நடந்தான். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது எதிர்வீட்டு வாசல் கண்ணில் பட்டால் அந்தப் பதில் நினைவுக்கு வந்துவிடுகிறது. நான் சொன்னது தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் முடியவில்லை.

நாங்கள் இருப்பது டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகர். இந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பள்ளிக்கூட ஃபுட்பால்தான். நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். ஆலன் என்ற ஊரில் ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளிக்காக 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் மைதானம் கட்டி 2012இல் திறந்தார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம். என் மகள் பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். இங்கே நம் ஆட்கள் பலரும் இந்த விளையாட்டுக்குள் வருவது அந்த வழியாகத்தான். இடைவேளையில் பிள்ளை வாசிப்பதைப் பார்க்கப் போவோம், அப்புறம் மீதி ஆட்டத்தையும் பார்க்கப் பழகிவிடுவோம். எதிர்வீட்டுப் பையன் அந்த அணியில் லைன்பேக்கர், எதிரணியைத் தடுக்கும் ஆட்டக்காரன். அவன் அப்பா ஏ.சி. ரிப்பேர் வேலை செய்கிறார், அம்மா மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் நர்ஸ். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் பிரிவில் விளையாட வேண்டுமென்றால் பள்ளியில் பதினாறு முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும், அதில் மூன்று வருஷக் கணக்கு. மதிப்பெண் சராசரி நான்குக்கு 2.3க்குக் குறையக் கூடாது. அல்ஜீப்ரா அவனுக்குத் தகராறு. அவன் அம்மா ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து கேட்டார். நான் ஊரில் எட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொன்னேன். டெக்சாஸில் பிள்ளைகள் பெரியவர்களிடம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'மேம்', 'சார்' என்று சேர்த்துப் பேசுவார்கள். 'யெஸ் மேம்' என்று அவன் சொல்லும்போது எனக்கு என் பழைய வகுப்பறை ஞாபகம் வரும்.

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த கடிதம்

அந்த வருஷம் ஜூனில் அவனுக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஆஃபர் வந்தது. பெரிய கல்லூரி, பெயர் வேண்டாம். முழு ஸ்காலர்ஷிப் என்று பயிற்சியாளர் போனில் சொன்னார். அதற்கு முன்னால் இரண்டு கோடைக்காலம் அவன் அப்பா வேனில் அவனை ஏற்றிக்கொண்டு ஓக்லஹோமா, ஆர்கன்சா, லூயிசியானா என்று கல்லூரி கல்லூரியாக முகாம்களுக்குப் போய்வந்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் கட்டணம், பெட்ரோல், ஒரு ராத்திரி மோட்டல். போகும் நாளில் வேலை கிடையாது, வருமானமும் கிடையாது. அதனால் அந்த ஆஃபர் வந்த அன்று தெருவே கொண்டாடியது. அவனும் அந்த வாரமே 'நான் வருகிறேன்' என்று வாக்குக் கொடுத்தான். இங்கே அதற்குக் 'கமிட்' செய்வது என்று பெயர்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்று இருக்கிறது. ஆஃபர் என்ற அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி எந்தப் பொருளும் இல்லை. பள்ளியின் கடைசி வருஷம் தொடங்கும் முன் ஆகஸ்ட் 1 வரை கல்லூரி எழுத்தில் எதுவும் கொடுக்க முடியாது. அதுவரை எல்லாம் வாய்வார்த்தை. ஆகஸ்டுக்குப் பிறகு வருகிற கடிதமும், பிள்ளைகள் கல்லூரியோடு முறைப்படி ஒப்பந்தம் போடும் கையெழுத்து நாள் வரை யாரையும் கட்டாது. வருஷத்துக்கு இருபத்தைந்து பேரைச் சேர்க்கும் ஒரு பெரிய கல்லூரி இருநூறு பேருக்கு மேல் ஆஃபர் சொல்வது சர்வசாதாரணம். விமானக் கம்பெனி இருக்கைக்கு அதிகமாக டிக்கெட் விற்பது போல என்று சிலர் சொல்வார்கள். விமானக் கம்பெனியாவது ஏறமுடியாதவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கிறது. ஆகஸ்டில் வந்த கடிதத்தை அவன் அம்மா ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். கல்லூரியின் சின்னம் மேலே பெரிதாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில் இரண்டு மூன்று வரிகள் இருந்ததை நானும் பார்த்தேன். கணக்கு டீச்சராக இருந்தும் அதை உட்கார்ந்து படிக்கத் தோன்றவில்லை.

இன்னொரு நிபந்தனை வாயால் சொல்லப்பட்டது. கமிட் செய்த பிறகு வேறு கல்லூரிக்குப் போய்ப் பார்க்கக் கூடாது, போனால் இடம் உறுதியில்லை. பல கல்லூரிகள் இப்படித்தான் சொல்கின்றன. அதே சமயம் கல்லூரி மட்டும் அவன் ஆடும் இடத்துக்கு இன்னும் பத்துப் பேரோடு பேசிக்கொண்டிருக்கலாம். அதற்கு யாரும் தடை சொல்வதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை

அக்டோபரில் வேறொரு கல்லூரி வந்தது. சின்னது. பக்கத்து மாநிலம். ஆனால் அவர்களுடைய லைன்பேக்கர் பயிற்சியாளர் நேரிலேயே வந்து ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் முழுக்க நின்று பார்த்தார், மறுநாள் அவன் அப்பா அம்மாவோடு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். எங்களிடம் உன் இடத்துக்கு ஒரே ஒரு ஸ்காலர்ஷிப்தான் இருக்கிறது, அது உனக்கு என்று வைத்திருக்கிறோம், இரண்டு வாரத்தில் பதில் சொல், வந்து பார்த்துவிட்டுச் சொன்னாலும் சரி என்றாராம். முதல் கல்லூரியில் அவனை அழைத்த பயிற்சியாளர் செப்டம்பருக்குப் பிறகு வாரம் ஒருமுறை ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதோடு சரி.

அன்றைக்குக் கணக்கு ஒன்றும் ஓடவில்லை. பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தான். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், அவனுக்கும் இரண்டு வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தவன் திரும்ப வந்து உட்கார்ந்து கேட்டான். "மேம், நான் அவங்ககிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன். இப்போ இவங்களைப் போய்ப் பார்த்தா தப்பா?"

நான் என்ன சொன்னேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "வர்றேன்னு சொன்ன இடத்துக்குப் போறதுதான் மரியாதை. வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான்." அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் அவருக்கு. காலையில் ஒரு விலை பேசி முடித்தால், மத்தியானம் மூட்டைக்கு நூறு ரூபாய் ஏறியிருந்தாலும் பேசிய விலைக்குத்தான் கொடுப்பார். அதனால் நஷ்டப்பட்ட வருஷங்கள் உண்டு. அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவன் கண்ணை எடுக்காமல் கேட்டான். முடிந்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "யெஸ் மேம்" என்றான். மறுநாள் அந்தச் சின்னக் கல்லூரியைக் கூப்பிட்டு, நன்றி, நான் ஏற்கெனவே ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டான். அவர்கள் வேறொரு பையனை எடுத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 4ஆம் தேதி டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தது. ஒரு கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாற விரும்பினால் அதில் பெயர் கொடுப்பார்கள். 2018இல் தொடங்கிய ஏற்பாடு அது. 2021இலிருந்து முதல் முறை மாறுகிறவர் ஒரு வருஷம் உட்கார வேண்டியதில்லை, உடனே ஆடலாம் என்றானது. வீரர்களுக்கு அது நியாயம்தான், பயிற்சியாளர்கள் மட்டும் நினைத்தபோது மாறலாம் என்பதை எப்படி ஏற்பது? ஆனால் அதன் பாரம் பள்ளிப் பிள்ளைகள் தலையில் இறங்கியது. பதினேழு வயதுப் பையனை எடுத்து மூன்று வருஷம் வளர்ப்பதற்குப் பதில், நான்கு வருஷம் ஜிம்மில் உடம்பை ஏற்றிய இருபத்திரண்டு வயது ஆளை எடுத்தால் அடுத்த செப்டம்பரிலேயே களத்தில் இறக்கலாம். கையெழுத்து நாள் டிசம்பர் 20. அதற்குப் பதினொரு நாள் முன்பு, சனிக்கிழமை மத்தியானம் அவனுக்குப் போன் வந்தது. எண்ணிக்கை இடிக்கிறது, ஒரு அனுபவஸ்தர் வருகிறார், ஸ்காலர்ஷிப் கொடுக்க முடியாது, வேண்டுமானால் சொந்தச் செலவில் படித்துக்கொண்டு வாக்-ஆனாக அணியில் சேரலாம். நான்கு நிமிஷம் பேசினாராம். அவன் அம்மா இரவு வேலை முடித்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பாமல் சாயங்காலம் வரை கராஜில் உட்கார்ந்திருந்தான்.

கையெழுத்து நாளன்று பள்ளி ஜிம்மில் மேசை போட்டு, கல்லூரித் தொப்பிகளை வைத்து, அப்பா அம்மா பக்கத்தில் நிற்க ஒவ்வொரு பிள்ளையாகக் கையெழுத்துப் போடுவார்கள். பேண்டும் வாசிக்கும். என் மகள் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "அம்மா, அவன் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் கைதட்டிட்டு இருந்தான்."

அப்பாவின் சந்தையும் இந்தச் சந்தையும்

அப்புறம் பல மாதம் நான் இதைப் பற்றிப் படித்தேன், தெரிந்தவர்களைப் பிடித்துக் கேட்டேன். வீட்டுக்காரர்கூட, பையனைவிட நீதான் அதிகம் கஷ்டப்படுகிறாய் என்றார். என் அப்பாவின் கதை ஏன் இங்கே பொருந்தவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. அவர் நல்லவர், கல்லூரிக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பொய். அப்பாவின் சந்தையில் வாக்கு நின்றதற்குக் காரணம் அவர் குணம் மட்டும் இல்லை. இன்றைக்குப் பேசிய விலையிலிருந்து ஒருவர் பின்வாங்கினால் நாளைக்குப் பஜாரில் அவரோடு யாரும் பேரம் பேச மாட்டார்கள். வாங்குபவர், விற்பவர், தரகர் எல்லோரும் மறுநாள் காலையில் அதே டீக்கடையில் முகம் பார்க்க வேண்டும். அதனால் வாக்கு மீறுபவருக்கு வலித்தது. இங்கே பையன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சந்தைக்கு வருகிறான். கல்லூரி வருஷா வருஷம் வருகிறது, ஒவ்வொரு வருஷமும் புதிய முகங்களோடு. போன வருஷம் ஏமாந்த பையன் எங்கே போனான் என்று அடுத்த வருஷப் பையனுக்குத் தெரியாது. வாக்கு மீறினால் கல்லூரிக்கு எங்கேயும் வலிப்பதில்லை. நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள். அதில் ஏதோ ஒரு கல்லூரி அணியில் இடம்பிடிப்பது நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். வரிசையில் அடுத்த பையன் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறான்.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. 2010இல் டெலவேரைச் சேர்ந்த டேவிட் சில்ஸ் என்ற பையனுக்கு, ஏழாம் வகுப்பில் படிக்கும்போது, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் லேன் கிஃபின் ஆஃபர் கொடுத்தார். பையனுக்கு வயது 13. அவனும் வருவதாகச் சொன்னான். பையன் பள்ளியை முடிப்பதற்குள் 2013இல் கிஃபினையே பல்கலைக்கழகம் நீக்கிவிட்டது. அந்தப் பையன் கடைசியில் ஆடியது மேற்கு வர்ஜீனியாவுக்கு. 2016 ஜனவரியில், முந்தைய பயிற்சியாளர் காலத்திலேயே மிச்சிகனுக்கு வாக்குக் கொடுத்திருந்த எரிக் ஸ்வென்சன் என்ற இல்லினாய் பையனுக்கு, கையெழுத்து நாளுக்கு (அப்போது அது பிப்ரவரியில்) இரண்டு வாரம் இருக்கும்போது இடமில்லை என்று சொல்லப்பட்டது. அவருக்கு ஓக்லஹோமா கிடைத்தது. எல்லோருக்கும் ஓக்லஹோமா கிடைப்பதில்லை.

திறமையைக் கணிக்கத் தவறுவதை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். இதில் தெளிவாக இருக்க விரும்புகிறேன். 2018இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது முதலாவதாகப் போன பேக்கர் மேஃபீல்ட் இங்கே ஆஸ்டின் பக்கத்துப் பையன். ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆனாகத்தான் கல்லூரிக்குப் போனவர். அதே தேர்வில் ஏழாவதாகப் போன ஜோஷ் ஆலன், கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற விவசாய ஊர்க்காரர். பள்ளி முடித்தபோது முதல்நிலைக் கல்லூரி ஒன்றுகூட அவரை அழைக்கவில்லை. ரீட்லி என்ற இரண்டு வருஷக் கல்லூரியில் சேர்ந்து, பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பி, வயோமிங் போய்ச் சேர்ந்தார். கணிப்பு தவறும், மனிதர்கள் பார்ப்பது அவ்வளவுதான். ஒருவனைப் பார்த்து, நீ வேண்டும் என்று சொல்லி, மற்ற கதவுகளை எல்லாம் அவன் கையாலேயே மூடவைத்துவிட்டு, கடைசி வாரத்தில் தன் கதவையும் மூடுவது வேறு.

அதே தேர்வில் எட்டாவதாகப் போனவர் ரோக்வான் ஸ்மித். அவரும் லைன்பேக்கர். ஜார்ஜியாவில் மான்டிசூமா என்ற சின்ன ஊர். 2015 பிப்ரவரி 4, அந்த வருஷக் கையெழுத்து நாள், தொலைக்காட்சியில் தான் யு.சி.எல்.ஏ. என்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போவதாக அறிவித்தார். ஆனால் பையனைக் கல்லூரியோடு கட்டும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற தாளை அனுப்பவில்லை. அவரை அழைத்த யு.சி.எல்.ஏ. பயிற்சியாளர் ஜெஃப் உல்பிரிக் அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போகிறார் என்ற செய்தி அதற்குள் வெளியாகிவிட்டது. ஸ்மித் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தபோதும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவே இல்லை. கல்லூரியைக் கட்டுப்படுத்தும் நிதியுதவி ஒப்பந்தத்தில் மட்டும் போட்டார். அதே பிப்ரவரி 4 அன்று டெட்ராய்ட்டைச் சேர்ந்த மைக் வெபர் ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கையெழுத்திட்டு அனுப்பினார். மறுநாள், அவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியவர் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். தாளில் இருந்தது கல்லூரியின் பெயர்தான், பயிற்சியாளர் பெயர் இல்லை. வெபரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த இரண்டு பையன்களின் கதையையும் அடுத்தடுத்துப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்டோபரில் என் மேசையில் நான் செய்தது, ஒரு பையனை ஸ்மித்தின் பக்கத்திலிருந்து வெபரின் பக்கத்துக்குத் தள்ளியது. அதையும் என் அப்பாவின் பெயரைச் சொல்லிச் செய்தேன்.

பையன்களும்தான் மாறுகிறார்களே என்று கேட்பார்கள். மாறுகிறார்கள். டிசம்பர் காலையில் கடைசி நிமிஷத்தில் தொப்பியை மாற்றிப் போடும் பிள்ளைகளால் ஒரு பயிற்சியாளரின் மொத்தத் திட்டமும் கெட்டுப்போவது உண்டு. எங்கள் பள்ளியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவரை மளிகைக்கடை வாசலில் பார்த்தபோது கேட்டேன். அவர் கல்லூரிக்காரர்களை விட்டுக்கொடுக்கவில்லை. "தோத்தா அவங்க வேலை போயிடும் மேடம். அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார். உண்மைதான். ஆனால் அந்த நவம்பரிலேயே டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. எங்கள் பையனுக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தம் இல்லை, அதே சமயத்தில் நடந்தது என்பதால் சொல்கிறேன். ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். ஒரு பல்கலைக்கழகம் தனக்கு வேண்டாத ஒருவருக்கு அவ்வளவு பணம் தரச் சம்மதிக்கிறது, காரணம் அது எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்கு. அவருக்கு வக்கீல் இருந்தார், முகவர் இருந்தார். எதிர்வீட்டுப் பையனுக்கு நான் இருந்தேன்.

காகிதம் யாரைக் கட்ட வேண்டும்

அதற்குப் பிறகு விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1964 முதல் இருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டது. இப்போது நிதியுதவி ஒப்பந்தம்தான். 2025 ஜூன் 6 அன்று கல்லூரி விளையாட்டு அமைப்பின் மீது வீரர்கள் போட்ட வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு பெரிய சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். கல்லூரிகள் முதல் வருஷத்தில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்து தரலாம் என்பதுதான் எல்லோரும் பேசியது. நான் கவனித்தது இன்னொன்றை. ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்று வரம்பு வந்ததால், அதற்கு மேல் ஆள் வைத்திருந்த கல்லூரிகள் முன்கூட்டியே ஆட்களை வெட்டத் தொடங்கின. இடம் தருவதாக வாக்குப் பெற்றிருந்த பள்ளிப் பிள்ளைகளும் அதில் அடக்கம். நீதிபதி அதைச் சும்மா விடவில்லை. இப்படி இடம் இழந்தவர்களுக்கு வழி செய்யாமல் ஒப்புதல் தர முடியாது என்று முதலில் ஏப்ரலில் ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பினார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ள ஒரு நீதிமன்றம் இருந்ததே. ஆனால் கடைசியில் வந்த தீர்வு, அப்படிப்பட்டவர்களை எடுத்துக்கொண்டால் 105இல் கணக்கு வராது என்பது மட்டும்தான். எடுப்பதா வேண்டாமா என்பது கல்லூரியின் விருப்பம். மறுபடியும் கல்லூரியின் விருப்பம்!

2025இன் கடைசியிலும் பார்த்தோம். கையெழுத்து நாள் டிசம்பர் 3. மூன்று நாள் முன்பு, நவம்பர் 30 அன்று, மிசிசிப்பி பல்கலைக்கழக அணியை விட்டு எல்.எஸ்.யு. என்ற லூயிசியானா பல்கலைக்கழகத்துக்குப் போவதாக அறிவித்தார் ஒரு பயிற்சியாளர். பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஆஃபர் கொடுத்த அதே லேன் கிஃபின். அவரை நம்பி மிசிசிப்பிக்கு வாக்குக் கொடுத்த பிள்ளைகளுக்கு, வாழ்க்கையின் பெரிய முடிவை மாற்றி யோசிக்க மூன்று நாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆஃபர் என்று சொன்னால் அன்றே தாளைக் கொடுக்கட்டும். பையன் விரும்பும் நாளில் கையெழுத்துப் போடட்டும், ஒரு குறிப்பிட்ட டிசம்பர் புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். போட்ட நிமிஷத்திலிருந்து அது கல்லூரியைக் கட்டட்டும். கையெழுத்து நாளே வேண்டாம் என்ற இந்த யோசனையைப் பலர் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். அப்படி வந்தால் கல்லூரிகள் இருநூறு ஆஃபர் கொடுக்காது, முப்பது கொடுக்கும். பலருக்கு ஆஃபரே வராது. வராமல் போவது நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர்கள் வேறு கதவைத் தட்டப் போவார்கள். இதில் ஆபத்தும் இருக்கிறது. இன்றே போடு, நாளைக்கு இல்லை என்று பதினாறு வயதுப் பிள்ளையை மிரட்டுவார்கள். அதனால் தலைமைப் பயிற்சியாளர் போனால் பையனும் போகலாம் என்ற ஒரு வரி அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகக் கட்டப்படவில்லையே என்று கேட்டால், ஆம், சமமில்லை. ஒரு பக்கம் எண்பத்தைந்து ஸ்காலர்ஷிப் வைத்திருந்த நிறுவனம். இன்னொரு பக்கம் அல்ஜீப்ரா பரீட்சைக்குப் பயப்படும் ஒரு பையன். தராசில் அந்த இரண்டையும் ஒரே எடைக்கல்லால் நிறுக்க எனக்குத் தெரியவில்லை. 1973இலிருந்து 2012 வரை ஸ்காலர்ஷிப்பே ஒரு வருஷத்துக்குத்தான், வருஷா வருஷம் கல்லூரி மனம்வைத்தால் நீட்டிக்கும் என்று இருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அது மாறியது, இதுவும் மாறலாம்.

அவன் கிழக்கு டெக்சாஸில் ஒரு இரண்டு வருஷக் கல்லூரியில் சேர்ந்தான். முதல் வருஷமே முழங்காலில் அடிபட்டு ஆறு ஆட்டம் உட்கார்ந்தான். இப்போது சிறிய கல்லூரி ஒன்றில், பாதிக் கட்டணம் கட்டி, ஆடுகிறான். போன நன்றி கூறும் நாள் விடுமுறையில் வந்தவன் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தான். தோளெல்லாம் இன்னும் அகலமாகியிருந்தது. தோசை கேட்டான். அவன் சாப்பிடும்போது, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். இரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்தது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான். "நீங்க வேற மாதிரி சொல்லியிருந்தாலும் நான் அங்கதான் போயிருப்பேன் மேம். அப்பாகிட்டயும் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்." ஆறுதலுக்குச் சொன்னானா, உண்மையா, தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரரும் என்னைப் போலவே இரண்டு வருஷமாக எதையோ சுமந்துகொண்டிருக்கிறார் என்பது மட்டும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அவனுடைய தம்பி இப்போது பதினோராம் வகுப்பு. அணியில் அவன் இடம் கார்னர்பேக். அண்ணனைவிட வேகம் என்று சொல்கிறார்கள். அவனும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கணக்குப் படிக்க வருகிறான். போன வாரம் போனை என்னிடம் நீட்டினான். ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் ஆஃபர் கொடுத்திருந்தார். படம், சின்னம், எல்லாம் அழகாக. வாழ்த்துச் சொன்னேன். அப்புறம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். இன்றைக்கே நான் சரி என்று சொன்னால் இடம் எனக்கு உண்டா? என் இடத்துக்கு இன்னும் எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்? நான் மற்ற கல்லூரிகளைப் பார்க்கப் போகலாமா? இதையெல்லாம் ஆகஸ்டில் எழுத்தில் தருவீர்களா? அனுப்புவதற்கு முன் என்னை ஒரு முறை பார்த்தான். "இப்படிக் கேட்டா மரியாதைக் குறைவா நினைக்க மாட்டாங்களா, மேம்?" என்றான்.

"நினைச்சா நினைக்கட்டும். அனுப்பு" என்றேன்.

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். இருபடிச் சமன்பாடு பாதியில் நின்றிருந்தது. அவன் போட்டு முடித்துக் கிளம்பும்வரை பதில் வரவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது இன்னொரு முறை போனைப் பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து போனான்.